வெயிலுகந்தாளை அழிச்சாச்சா?

ஜூன் 3, செவ்வாய்

புதுசா சேர்ற டெவலப்பர் பிள்ளைகளுக்கு ஹெட்லெஸ் சிஎம்எஸ்ங்கிற சாப்ட்வேர் பத்தி ஒரு கையேடு எழுதணுமாம். "நீங்க எழுதினாத்தான் சரியா வரும் பேச்சி. நீங்க படாத பாடா"ன்னார் ஜெபராஜ் சார். டீம் லீடு இனிக்க இனிக்கப் பேசினா பின்னாடியே வேலை வருதுன்னு அர்த்தம். வந்துருச்சு.

இந்த மாசக் கடைசியில 'தொட்டில்' வேற வெளிய போகணும். காரைக்குடியில உமையாள் மேடம் நடத்துற குழந்தை வளர்ப்புப் பத்திரிகை அது. அதுக்கு வெப்சைட்டும் ஆப்பும் நாங்க செய்யிறோம். கையேட்டுக்குன்னு தனியா உக்கார எனக்கு நேரம் இல்ல. தோணுறதை இந்த டைரியிலயே கிறுக்கி வச்சுட்டு, அப்புறம் ஒழுங்கா டைப் அடிச்சுக்கணும்.

முதல் குறிப்பு. ஹெட்லெஸ்னா என்னன்னு கேக்குற பிள்ளைகளுக்கு கல்யாண வீட்டைக் காட்டலாம். சமையல்கட்டு பின்னாடி, பந்தி முன்னாடி. ஆசிரியர் கட்டுரை எழுதி வைக்கிற இடம் சமையல்கட்டு. வெப்சைட் ஒரு பந்தி, ஆப் இன்னொரு பந்தி. டெவலப்பர்னா பரிமாறுற ஆளு. வாளி காலியா வந்தாலும் இலைக்கு முன்னாடி நின்னு முழிக்கக் கூடாது. எந்தக் கட்டம் காலியா வந்தா என்ன காட்டணும்னு முதல்லயே எழுதி வச்சிரணும்.

ஜூன் 5, வியாழன்

"வெயிலுகந்தாள் வந்துட்டாளாக்கா?" நஸ்ரின் காலையில வந்ததும் இதைத்தான் கேட்டா. எங்க டெஸ்டர். நான் எழுதுறதுல ஓட்டை கண்டுபிடிக்கிறதுக்கே சம்பளம் வாங்குறவ.

வெளியாள் கேட்டா என்னமோ ஏதோன்னு நினைப்பாங்க. விஷயம் இதுதான்: நெஜக் கட்டுரையாளர் விவரம் வர்றதுக்கு முன்னாடி, பக்கம் சரியா வருதான்னு பாக்க ஒரு பொய் ஆளை உள்ள போட்டுப் பாப்போம். மத்தவங்க ஏபிசிடின்னு என்னத்தையாச்சும் தட்டி வைப்பாங்க. நான் எல்லா ப்ராஜெக்ட்லயும் வெயிலுகந்தாளத்தான் போடுவேன். போன வருஷம் செஞ்ச பாத்திரக்கடையில அவதான் முதல் வாடிக்கையாளர். அதுக்கு முந்தி ஒரு ட்ராவல்ஸ் சைட்டுல ஜன்னலோர சீட்டு புக் பண்ணினா.

"எங்கிருந்துக்கா பிடிச்சீங்க இந்தப் பேர? இப்படில்லாம் யாராச்சும் வைப்பாங்களா"ன்னு சிரிச்சா நஸ்ரின். விருதுநகர்ல அம்மன் பேருன்னு சொன்னேன். அதுக்கு மேல சொல்லல.

கையேட்டுக்கு: சோதிக்கும்போது நீளமான தமிழ்ப் பேரா போடணும். 'ரவி'ன்னு போட்டுப் பாத்துட்டு எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லக் கூடாது. வெயிலுகந்தாள் மாதிரி பேரு கட்டத்தை விட்டு வெளிய வரும், வரி உடையும். உடைஞ்சாத்தான் சரி பண்ண முடியும்.

எழுத்தாளர் பத்தின சின்னக் குறிப்புக்கும் ஒரு பெட்டி இருக்கு. அதுலயும் நாலஞ்சு வரி போட்டுப் பாக்கணும். வாய்க்கு வந்தத அடிச்சேன்: 'வெயிலுகந்தாள். மாங்காயை உப்பு இல்லாமல் தின்பார். இடது காலில் சைக்கிள் கம்பி பட்ட தழும்பு உண்டு. சீக்கிரம் அழமாட்டார். அக்கா மேல் கோபம்.' பெட்டிக்குள்ள அழகா உக்காந்துச்சு.

ஜூன் 9, திங்கள்

வீட்டுல டிவி சத்தம் தாங்கல. அப்பாவுக்குக் காது நல்லாத்தான் கேக்குது, ஆனா நியூஸ் மட்டும் தெருவுக்கே கேக்கணும். யாருக்குப் போன் வந்தாலும் குறைக்க மாட்டார். நாங்கதான் மாடிப்படிக்கு ஓடணும். பருத்தி மண்டியில கணக்குப் பாத்த மனுசன், அங்க இருந்த இரைச்சல் பழகிப்போச்சுன்னு அம்மா சொல்லுவா. மண்டிய விட்டு வந்து எத்தனையோ காலம் ஆச்சு. டிவி இவ்வளவு சத்தமா ஓடுறது இந்த அஞ்சு வருஷமாத்தான்.

ஜூன் 14, சனி

இன்னைக்கு வீட்டுலருந்தே வேலை. கூடத்துல உக்காந்திருந்தேன், அங்கதான் நெட் கிடைக்குது. கையில டீ, அதனால போனை ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன். நஸ்ரின் எடுத்த எடுப்புல, "அக்கா, வெயிலுகந்தாள் ரெண்டு தடவ வந்து நிக்கிறா. பாத்தீங்களா?"ன்னா.

அம்மா அடுப்படியிலருந்து ஈரக் கையோட வந்துட்டா. சேலைத் தலைப்புல கையத் துடைக்கக்கூட இல்ல. வாசலப் பாத்தா, என்னையப் பாத்தா. "யாரு வந்து நிக்கிறா?"

"ஆபீஸ் வேலைம்மா. கம்ப்யூட்டர்ல ஒரு பேரு. அவ்வளவுதான்."

அப்பா ரிமோட்ட எடுத்து சத்தத்தக் கூட்டினார். அதுக்கு மேல கூட்ட முடியும்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். அம்மா சேலைத் தலைப்புல கையத் துடைச்சுக்கிட்டே உள்ள போனா. நான் நஸ்ரின் கிட்ட, திங்கக்கிழமை பாத்துக்கலாம்னு சொல்லி வச்சுட்டேன்.

எழுதினா என்ன, எழுதித்தான் பாப்போமே. வெயிலு என் தங்கச்சி. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி, கூடப் படிச்ச டேனியலோட கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போயிட்டா. அப்பா வாசல்ல நின்னு ஒரு குடம் தண்ணிய தலையில ஊத்திக்கிட்டு, இனி இந்த வீட்டுல அந்தப் பேரு கேக்கக் கூடாதுன்னுட்டார். அதே மாசம் எனக்கு வந்திருந்த சம்பந்தம் தட்டிப் போச்சு. ஊரே அவளத்தான் திட்டுச்சு. எனக்கு அந்த மாப்பிள்ளையப் பிடிக்கவே இல்ல, உள்ளுக்குள்ள நிம்மதியாத்தான் இருந்தேன். அத அவகிட்டச் சொல்றதுக்குள்ள அவ நம்பர மாத்திட்டா.

வீட்டுல சொல்லக் கூடாத பேர ஆபீஸ்ல நாள் பூரா யாராச்சும் சொல்லிக்கிட்டே இருக்காங்க. வெயிலுகந்தாள் வந்தாளா, வெயிலுகந்தாள் எங்க, வெயிலுகந்தாளக் காணோம். கேக்க நல்லா இருக்கு.

ஜூன் 18, புதன்

உமையாள் மேடத்தோட இன்னைக்கு மல்லுக்கட்டு. கட்டுரைக்குக் கீழ 'உங்கள் கருத்து'ன்னு ஒரு படிவம் வருது. அதுல போன் நம்பர், ஈமெயில், ஊர், பிள்ளை பேரு, பிறந்த தேதி எல்லாம் கேக்கணும்னாங்க.

"எதுக்கு மேடம்? கருத்துச் சொல்ல வர்றவங்க கிட்ட ஜாதகம் கேக்குற மாதிரில்ல இருக்கு."

"பின்னாடி உதவும்ல பேச்சி?"

"பின்னாடி களவு போனா யாரு பதில் சொல்றது? கேக்காத விவரத்தக் காப்பாத்த வேண்டிய அவசியமில்ல மேடம். கருத்து மட்டும் போதும். எந்தப் பக்கத்துலருந்து எழுதினாங்கன்னு அதுவே குறிச்சுக்கும்."

கடைசியில ஒத்துக்கிட்டாங்க. ஜெயிச்ச கையோட கையேட்டுல கொட்டை எழுத்துல எழுதி வச்சிருக்கேன்: தேவையில்லாத விவரத்தை வாங்காதே.

ஜூன் 20, வெள்ளி

புதுப் பிள்ளை ஒருத்தன் ஒரு கட்டத்துக்கு 'பெரிய நீல எழுத்து'ன்னு பேரு வச்சிருக்கான். அடேய், நாளைக்கு ஆப்புல அது சின்னதா சிவப்பா வரும், அப்ப என்ன செய்வ? கட்டத்துக்குப் பேரு அதோட அர்த்தத்த வச்சுத்தான் இருக்கணும், எப்படித் தெரியுதுங்கிறத வச்சு இல்ல. தலைப்புன்னா தலைப்பு.

இன்னொண்ணு. நெஜ சைட்டுல கைய வச்சுச் சோதிக்காதே. நகல் ஒண்ணு எடுத்து அதுல என்ன கூத்து வேணும்னாலும் அடி.

ஜூன் 24, செவ்வாய்

அவ பொறந்த நாள். அம்மா பாயசம் வச்சா. எதுக்குன்னு யாரும் கேக்கல. அப்பா ரெண்டு டம்ளர் குடிச்சார்.

ஜூன் 27, வெள்ளி

திங்கக்கிழமை தொட்டில் வெளிய போகுது. ஜெபராஜ் சார் ஒவ்வொண்ணாக் கேட்டுக்கிட்டு வந்தார். படங்களுக்கு விளக்கம் எழுதியாச்சா, எழுதியாச்சு. பாதி எழுதின கட்டுரை எதுவும் வெளிய தெரியாதே, தெரியாது. "வெயிலுகந்தாள அழிச்சாச்சா?"

"அழிச்சிடுறேன் சார்."

ஒவ்வொரு ப்ராஜெக்ட்லயும் இந்தக் கேள்வி வரும். ஒவ்வொரு தடவையும் கடைசி நேரம் வரைக்கும் இழுப்பேன். இன்னைக்கு அவளோட பக்கத்தத் திறந்து அழிக்கிற பட்டன அமுக்கினேன். 'இதை வேறு பக்கங்கள் பயன்படுத்துகின்றன. உறுதியாக அழிக்க வேண்டுமா?'ன்னு கேட்டுச்சு. கையேட்டுல நானே எழுதியிருக்கேன், யாரு யாரு பயன்படுத்துறாங்கன்னு பாக்காம எதையும் அழிக்காதேன்னு. சரி, சாப்பிட்டு வந்து பாத்துக்கலாம்னு மூடிட்டேன். சாப்பிட்டு வந்ததும் வேற வேலை வந்துருச்சு.

ஜூன் 30, திங்கள்

தொட்டில் வெளிய போயிருச்சு. ஜெபராஜ் சார் எல்லாருக்கும் பப்ஸ் வாங்கிக் குடுத்தார்.

ஜூலை 1, செவ்வாய்

பப்ஸ் செரிக்கிறதுக்குள்ள உமையாள் மேடம் போன்.

"பேச்சி, யாரும்மா இந்த வெயிலுகந்தாள்? எங்க பழைய கட்டுரை பூராத்துக்கும் இவங்க பேரு வந்திருக்கு. நான் இவங்களுக்கு ஒரு காப்பிகூட வாங்கிக் குடுத்ததில்லையே."

உடனே புரிஞ்சுபோச்சு. பழைய கட்டுரைகள்ல எழுதினவர் பேரே இல்ல. பேரு காலியா வந்தா வெயிலுகந்தாளக் காட்டுன்னு சோதனைக்காக நானே எழுதி வச்சிருந்தேன். காலியா வந்தா முழிக்காதேன்னு புதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவ நான்தான். அந்த வரியையும் எடுக்கல, அவளையும் அழிக்கல. மறந்துட்டேன்னு ஜெபராஜ் சார்கிட்டச் சொன்னேன். அவரு திட்டல. "உங்களுக்கே இப்படி ஆகுதா"ன்னார். அதுக்குத் திட்டியிருக்கலாம்.

அந்த வரியத் தூக்கிட்டு அவளையும் அழிக்கணும், அஞ்சு நிமிஷ வேலை. உக்காரப் போனேன். அதுக்குள்ள மேடம் மறுபடி கூப்பிட்டாங்க. "இன்னொண்ணு. ஒரு வாசகி இந்த அம்மாவப் பத்திக் கருத்து அனுப்பியிருக்காங்க. எனக்கு ஒண்ணும் புரியல, நீயே பாரு."

பாத்தேன். அப்படியே எழுதுறேன்.

'வெயிலுகந்தாள் பற்றிய குறிப்பில் இரண்டு தவறுகள் உள்ளன. தழும்பு இடது காலில் இல்லை, வலது காலில். அக்கா மேல் கோபமும் இல்லை. திருத்தவும்.'

அவ்வளவுதான். பேரு இல்ல, நம்பர் இல்ல, ஊர் இல்ல. எப்படி இருக்கும்? கேக்கக் கூடாதுன்னு சண்டை போட்டு ஜெயிச்சவ நான்தான்.

எந்தப் பக்கத்துலருந்து எழுதினாங்கன்னு மட்டும் குறிச்சிருந்துச்சு. 'ஆறு மாதக் குழந்தைக்கு முதல் சோறு.'

பாத்ரூமுக்குப் போயி நல்லா அழுதேன். நஸ்ரின் வந்து கதவத் தட்டி, "சின்ன தப்பு, பக் தானேக்கா, சரி பண்ணிக்கலாம்"ன்னா.

ஜூலை 2, புதன்

சைக்கிள நான்தான் மிதிச்சேன். அவ பின்னாடி கேரியர்ல இருந்தா. கத்தின பிறகுதான் திரும்பிப் பாத்தேன், பாத்தா ஒரே ரத்தம். முன்னாடி உக்காந்து மிதிச்சவளுக்கு எந்தக் கால்னு எப்படித் தெரியும்? இத்தனை வருஷமா இடதுன்னே நினைச்சுக்கிட்டு இருந்திருக்கேன்.

அவகிட்டப் பேச எனக்கு இருக்குற ஒரே வழி அந்தக் குறிப்புப் பெட்டிதான். அவ திருத்தச் சொல்லியிருக்கா. திருத்தியாச்சான்னு பாக்க ஒரு தடவையாவது திரும்ப வருவா. அவ வர்ற நேரம் வெயிலுகந்தாள் அங்க இருக்கணும். ஆனா அழிக்கச் சொல்லி நேத்தே உத்தரவு.

உமையாள் மேடத்தக் கூப்பிட்டேன். அஞ்சு வருஷத்துல வெளியாள் கிட்ட முதல் தடவையாச் சொன்னேன். "மேடம், அது பொய்ப் பேரு இல்ல. என் தங்கச்சி. அந்தக் கருத்து எழுதினது அவதான்."

அந்தப் பக்கம் நாற்காலிய இழுத்துப் போட்டு உக்கார்ற சத்தம் கேட்டுச்சு.

"பிள்ளைக்கு ஆறு மாசமா?"

"அந்தப் பக்கத்துலருந்துதான் எழுதியிருக்கா மேடம். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது."

"மத்த கட்டுரையில எல்லாம் பேர எடுத்துரு பேச்சி. அந்த முதல் சோறு கட்டுரையில மட்டும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும். அத எழுதினது எங்க மாமியார், அவுக இப்ப இல்ல. இருந்தாலும் ஒண்ணும் சொல்ல மாட்டாக. வெள்ளிக்கிழமைக்கு மேல முடியாதும்மா, விளம்பரம் குடுத்தவங்க கேக்குறாங்க."

திருத்தி எழுதினேன். 'வெயிலுகந்தாள். மாங்காயை உப்பு இல்லாமல் தின்பார். வலது காலில் தழும்பு உண்டு. அக்காவுக்கும் கோபம் இல்லை, அந்த மாப்பிள்ளையை அக்காவுக்குப் பிடிக்கவே இல்லை. அக்கா நம்பர் மாறவில்லை. அம்மா நன்றாக இருக்கிறார். பெரியம்மா காத்திருக்கிறாள்.' பெட்டி கொள்ளல. கீழ வழிஞ்சுச்சு. பெட்டியப் பெருசாக்கினேன்.

வெளியிட்ட பிறகும் நஸ்ரின் போன்ல இடது கால்தான் தெரிஞ்சுச்சு. சைட்டு பழைய பக்கத்தச் சேமிச்சு வச்சுக்கிட்டு அதையே காட்டும், அதைத் துடைச்சு விடணும். துடைச்சேன். கையேட்டுக்கு: வெளியிட்டா வேலை முடிஞ்சதுன்னு எழுந்து போகாதே. இன்னொருத்தர் போன வாங்கிப் பாரு.

நஸ்ரின் குறிப்ப முழுசாப் படிச்சா. திரும்பத் திரும்பப் படிச்சா. "அக்கா, இவ்வளவு நாளா நான்..."ன்னு இழுத்தா. "நீ சொன்னதாலதான்டி அந்தப் பேர நான் காதால கேட்டேன்"னு சொல்லி டீ குடிக்கக் கூட்டிட்டுப் போனேன்.

ஜூலை 3, வியாழன்

அவ போன் வரல. காஸ் கம்பெனி, கிரெடிட் கார்டு, ராங் நம்பர். எல்லாத்தையும் முதல் மணியிலயே எடுத்தேன்.

ஜூலை 4, வெள்ளி

சாயங்காலம் ஆறு மணிக்கு ஜெபராஜ் சார் வந்து பக்கத்துல நின்னார். நஸ்ரின் ஏதாச்சும் சொல்லியிருக்கணும். வழக்கமா அங்கருந்தே கத்திக் கேக்குற மனுசன், இன்னைக்கு மெதுவாக் கேட்டார். "வெயிலுகந்தாள் இன்னும் இருக்காங்களா?" மரியாதையெல்லாம் குடுத்தார்.

கருத்துப் பெட்டியில இன்னொரு தடவ பாத்தேன். ஒண்ணும் வரல. முதல் சோறு கட்டுரையிலருந்து அவ பேர எடுத்தேன். அழிக்கிற பட்டன அமுக்கினேன். இந்தத் தடவ எந்தப் பக்கமும் அவளப் பயன்படுத்துறதா அது சொல்லல. உறுதியான்னு மட்டும் கேட்டுச்சு. ஆமான்னு குடுத்தேன்.

இனிமே எந்த ப்ராஜெக்ட்லயும் அவ பேரப் போட மாட்டேன். கையேட்ட முடிச்சு அனுப்பிட்டேன். நல்லா இருக்குன்னு பதில் வந்திருக்கு.

ஜூலை 6, ஞாயிறு

மாவாட்டிக்கிட்டு இருந்தேன். கிரைண்டர நிறுத்திட்டு மாவ வழிக்கும்போது போன் அடிச்சுச்சு. முழங்கை வரைக்கும் மாவு. புது நம்பர். காஸ் கம்பெனியா இருக்கும்னு விட்டுட்டேன். அம்மாதான் எடுத்து, ஸ்பீக்கர்ல போட்டு என் முன்னாடி நீட்டினா. கூடத்துல அப்பா, நியூஸ், வழக்கமான சத்தம்.

"யாருங்க?"

ஒண்ணும் கேக்கல. டிவி சத்தத்துல எதுவுமே கேக்கல. மாடிப்படிக்கு ஓடலாம்னா கை பூரா மாவு. "கொஞ்சம் சத்தமாப் பேசுங்க, கேக்கல"ன்னேன்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் தினமும் படிச்சேன்க்கா. நேத்து போய்ப் பாத்தா அங்க நான் இல்ல. பயந்துட்டேன்."

அம்மா போனக் கீழ போட்டுருவாளோன்னு மாவுக் கையோடயே அவ கையச் சேத்துப் பிடிச்சேன். பேரு பேச்சி, நேரத்துக்குப் பேச்சு வராது. பின்னாடி எங்கயோ ஒரு பிள்ளை சிணுங்குற மாதிரி இருந்துச்சு, டிவி சத்தத்துல சரியாத் தெரியல.

"யாரு?"ன்னு கூடத்துலருந்து அப்பா கேட்டார்.

அம்மா என்னையப் பாத்தா. நான் சொல்றதுக்கு முன்னாடி அவளே சொன்னா. இந்த அஞ்சு வருஷத்துல அம்மா வாயிலருந்து அந்தப் பேர நான் கேட்டதில்ல.

"வெயிலு."

அப்பா ரிமோட்ட எடுக்குறது அடுப்படியிலருந்தே தெரிஞ்சுச்சு. போச்சு, இனி ஒண்ணும் கேக்காதுன்னு நினைச்சு போன காதோட அழுத்தினேன். பிள்ளை அழ ஆரம்பிச்சிருச்சு. நல்ல குரல், பசிக்குதுபோல. வீடு பூரா கேட்டுச்சு.

அப்பா டிவிய நிறுத்தியிருந்தார்.